சேலத்தில் ஏ.டி.எச்.டி. பரிசோதனை பேக்கேஜ்: எதற்குப் பணம் கட்டலாம், எதற்கு வேண்டாம்

ஃபேர்லேண்ட்ஸ், ஐந்து ரோடு வட்டாரத்தில் குழந்தை வளர்ச்சி மையங்கள் பெருகிவிட்டன. எல்லா போர்டிலும் ஒரே வரிசைதான்: ஸ்பீச் தெரபி, ஓ.டி. (அன்றாட வேலைகளுக்கான பயிற்சி), பிஹேவியர் தெரபி, ஏ.டி.எச்.டி. அசெஸ்மெண்ட். அவற்றில் ஒரு மையத்தின் ஏ.டி.எச்.டி. (வயதுக்கு மீறிய கவனக் குறைவு, துறுதுறுப்பு) பேக்கேஜைப் பற்றியது இந்த விமர்சனம். பெயர் எழுதவில்லை. இங்கே சொல்லும் நிறையும் குறையும் இதே மாதிரி நடக்கும் மற்ற இடங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். கட்டணமும் அடிக்கடி மாறுவதால் அதையும் விட்டுவிடலாம். நோயைக் கண்டறியும் வேலையை இந்த மையம் ஒழுங்காகச் செய்கிறது. அதன் முதுகில் ஏற்றி விற்கும் சரக்கில்தான் கோளாறு.

பேக்கேஜில் மூன்று அமர்வுகள். முதல் அமர்வில் பெற்றோரிடம் விவரம் கேட்கிறார்கள், இரண்டாவதில் குழந்தையைப் பார்த்து ஐ.க்யூ. டெஸ்ட் எடுக்கிறார்கள், மூன்றாவதில் மனநல மருத்துவர் பார்த்து முடிவு சொல்கிறார். முதல் அமர்வு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் போகிறது. பிரசவத்தில் சிக்கல் இருந்ததா, பிறந்ததும் அழுதானா, வலிப்பு வந்திருக்கிறதா, எத்தனை மாதத்தில் நடந்தான், எப்போது பேசினான், ராத்திரி குறட்டை விடுகிறானா, அப்பாவோ சித்தப்பாவோ சின்ன வயதில் இப்படித்தான் இருந்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுகிறார்கள். ஏ.டி.எச்.டி.யை ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ கண்டுபிடிக்க முடியாது. இந்த விவரங்கள்தான் பரிசோதனை. பத்தே நிமிடத்தில் பெயர் வைத்து மாத்திரை எழுதும் இடம் எவ்வளவு பெரிய டாக்டருடையதாக இருந்தாலும் இன்னொருவரிடம் காட்டிவிடுவது நல்லது.

மனநல மருத்துவர்கள் நோயை முடிவு செய்யப் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 என்ற கையேட்டின் விதிப்படி மொத்தம் 18 அறிகுறிகள். கவனக் குறைவுக்கு 9, துறுதுறுப்பும் அவசரமும் சேர்த்து 9. பதினேழு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஏதாவது ஒரு பிரிவில் 6 அறிகுறிகளாவது 6 மாதம் இருந்திருக்க வேண்டும். அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். கடைசி விதியில்தான் பல இடங்கள் சறுக்குகின்றன. அம்மா சொன்னதை மட்டும் வைத்துப் பெயர் எழுதினால் பாதிப் படத்தைப் பார்த்துவிட்டு விமர்சனம் எழுதுவது மாதிரி. இந்த மையம் டீச்சர் ஃபார்ம் வராமல் மூன்றாவது அமர்வுக்குத் தேதி தருவதில்லை. சில பெற்றோருக்கு இதில் கோபம் வருகிறது. உண்மையில் இந்தப் பேக்கேஜின் மதிப்பே அங்கேதான் இருக்கிறது.

பயன்படுத்துவது வாண்டர்பில்ட் ஃபார்ம் என்ற ஏ.டி.எச்.டி. கேள்வித்தாள். பெற்றோருக்கு 55 கேள்விகள், ஆசிரியருக்கு 43. அறிகுறிக் கேள்விகளுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். 2-ம் 3-ம் மட்டுமே கணக்கில் வரும். கடைசி 8 கேள்விகள் படிப்பு, நட்பு எப்படி என்று 1 முதல் 5 வரை கேட்பவை. அதில் ஒன்றாவது 4 அல்லது 5 ஆக இருந்தால்தான் குழந்தையின் அன்றாடம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அறிகுறி நிறைய இருந்து இந்தப் பகுதி சுத்தமாக இருந்தால் அவன் சேட்டைக்காரன், அவ்வளவுதான்.

ஃபார்ம் எப்படித் திரும்பி வருகிறது என்று பாருங்கள். நாற்பத்தைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பின் மிஸ், இன்டர்வெல் நேரத்தில், '2' என்ற கட்டத்தில் மேலிருந்து கீழாக ஒரே கோடாக டிக் அடித்துக் கொடுத்திருப்பார். அப்படி வந்தால் அந்தத் தாள் செல்லாது. கணக்கு மிஸ், தமிழ் ஐயா, பி.டி. சார் என்று இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியாக வாங்கினால் உண்மை தெரியும். தமிழ் வகுப்பில் மட்டும் அலைபாய்கிற பையனுக்கு எழுத்து கூட்டிப் படிப்பதில் சிக்கல் இருக்கலாம்.

இங்கே இந்த மையத்தின் மேல் ஒரு குறை. பெற்றோர் ஃபார்மில் முதல் 18 கேள்விகளைக் கூட்டுகிறார்கள், பிறகு ஃபார்மை ஓரம் வைத்துவிடுகிறார்கள். 41 முதல் 47 வரையிலான கேள்விகள் பயம், வருத்தம், தன்னைத் தானே மட்டம் தட்டிக்கொள்வது பற்றியவை. அவற்றில் மூன்றுக்கு 2 அல்லது 3 விழுந்தால் அது தனியாக ஆராய வேண்டிய விஷயம். பயந்த பிள்ளையும் போர்டைப் பார்க்காது, கேட்டதற்குப் பதில் சொல்லாது, நோட்டை முடிக்காது. வெளியே இருந்து பார்த்தால் கவனக் குறைவு மாதிரியேதான் இருக்கும். ‘பின்பக்கத்தையும் கூட்டினீர்களா சார்?’ என்று கேளுங்கள்.

ஏற்காட்டு போர்டிங் பிள்ளைகளுக்கு இந்த மையம் நடைமுறையோடு நடந்துகொள்கிறது. லீவுக்கு மட்டும் வீட்டுக்கு வரும் பிள்ளையைப் பற்றி அப்பா அம்மா நிரப்பும் ஃபார்மில் பெரிதாக ஒன்றும் இருக்காது. அதனால் வீட்டு ஃபார்மை விடுதி வார்டனிடம் கொடுக்கச் சொல்கிறார்கள். வகுப்பறையும் விடுதியும் ஒரே வளாகத்தில் இருந்தாலும் இரண்டு தனிச் சூழல்கள்தான், ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் ஜூனில் சேர்த்துவிட்டு ஆகஸ்டிலேயே மலையை விட்டு இறக்கிக் கூட்டிவந்தால் அவசர முடிவு எடுக்கக் கூடாது. புது விடுதியின் ஏக்கத்திலும் பிள்ளை தூங்காது, சாப்பிடாது, படிப்பில் மனம் நிற்காது. முன்பு படித்த பள்ளியின் ஃபார்மும் கையில் இருந்தால்தான் எது எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியும்.

காது, கண் பரிசோதனை முடித்துவிட்டு வரச் சொல்கிறார்கள், நல்லது. ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். மூக்கடைப்பும் குறட்டையும் இருந்தால் அடினாய்டுக்காக (மூக்கின் பின்புறச் சதை) இ.என்.டி.யிடம் காட்ட வேண்டும். தூக்கம் கெட்ட பிள்ளை பகலில் சோர்ந்து போவதற்குப் பதிலாகப் பல நேரம் குதித்துக்கொண்டே இருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே சில விநாடி உறைந்து வெறித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்காதது போலத் தொடர்கிறான் என்றால் அது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். அதற்கு இ.இ.ஜி. (மூளை அலைப் பதிவு) கட்டாயம் தேவை.

ஐ.க்யூ. டெஸ்டுக்கு இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்ற பினே-காமத் அல்லது மாலின் அளவுகோல். டெஸ்ட் சரி, நேரம்தான் தப்பு. ஸ்கூல் முடிந்து, டியூஷன் முடிந்து, மாலை ஏழு மணிக்கு உட்கார வைத்தால் யார் பிள்ளைக்கும் மதிப்பெண் குறையும். சனிக்கிழமை காலை நேரம்தான் வேண்டும் என்று கறாராகக் கேளுங்கள், தருகிறார்கள். டெஸ்ட் எடுப்பவர் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று பாருங்கள். அறிக்கையில் கையெழுத்துக்குக் கீழே பதிவு எண் இருக்க வேண்டும். 'கவுன்சலர்' என்று மட்டும் சீல் இருந்தால் அந்த அறிக்கையை நாளைக்கு யாரும் ஏற்க மாட்டார்கள்.

இனி விற்பனைக்கு வருவோம். இரண்டாவது அமர்வு முடிந்ததும் ரிசப்ஷனில் ‘பிரெயின் மேப்பிங் பண்ணிடலாமாம்மா, டாக்டருக்குக் கிளியரா தெரியும்’ என்று கேட்பார்கள். தலையில் கம்பி மாட்டிக் கலர் கலராகப் படம் போட்டுத் தரும் க்யூ.இ.இ.ஜி. அது. ஏ.டி.எச்.டி.யைக் கண்டறிய அது தேவை என்று முக்கியமான மருத்துவ வழிகாட்டிகள் எதுவும் சொல்லவில்லை. வலிப்புச் சந்தேகத்துக்கு எடுக்கும் சாதாரண இ.இ.ஜி. வேறு, இது வேறு. அதன் தொடர்ச்சியாக வரும் நியூரோஃபீட்பேக் (மூளை அலையைத் திரையில் பார்த்துப் பழகும் பயிற்சி) அமர்வுகளுக்கும் மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கேட்கிறார்கள். வேண்டாம் என்றால் முகம் மாறுகிறது, ஆனால் மூன்றாவது அமர்வை மறுப்பதில்லை. கம்ப்யூட்டரில் எழுத்து வந்தால் பட்டனைத் தட்டும் கவன டெஸ்டும் அப்படித்தான். துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் வைத்து ஆம் இல்லை சொல்ல முடியாது.

மூன்றாவது அமர்வில் மாத்திரைப் பேச்சு வரும். ஆறு வயதுக்குக் கீழ் என்றால் மாத்திரைக்கு முன்னால் பெற்றோர் பயிற்சிதான் முதல் சிகிச்சை. இங்கே அதைக் கடைப்பிடிக்கிறார்கள். பெரிய பிள்ளைகளுக்கு வழக்கமாக மெத்தில்பெனிடேட். தொடங்கும் முன் எடை, உயரம், பி.பி., நாடித் துடிப்பு நான்கையும் எழுதுகிறார்கள். ஓடும்போது மயங்கி விழுந்திருக்கிறானா, குடும்பத்தில் இளம் வயதில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா என்றும் கேட்கிறார்கள். ஆம் என்றால்தான் ஈ.சி.ஜி. பொதுவாக 5 மி.கி.யில் தொடங்கி வாரத்துக்கு ஒரு படியாக ஏற்றுவார்கள். சாதாரண மாத்திரை நான்கு மணி நேரம் அளவுக்கு வேலை செய்யும், அதனால் மதியமும் ஒன்று தேவைப்படலாம். பசி குறையும், காலை இட்லியைச் சாப்பிட வைத்துவிட்டு மாத்திரை கொடுங்கள், மதியம் டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்தாலும் ராத்திரிச் சாப்பாட்டைக் கனமாக வையுங்கள். சாயங்காலம் தாமதமாகக் கொடுத்தால் தூக்கம் போய்விடும்.

இந்த மருந்து ஷெட்யூல் எக்ஸ் என்ற கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. தனி உரிமம் உள்ள கடைகளில்தான் கிடைக்கும், மருந்துச் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் வைத்துக்கொள்வார். தெருமுனை மெடிக்கலில் 'இல்லை' என்று சொன்னால் ஆபத்தான மருந்தோ என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள், உரிமம்தான் காரணம். எந்தக் கடையில் கிடைக்கும் என்று மையத்திலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். விடுதிப் பிள்ளை என்றால் மாத்திரை பிள்ளையின் பெட்டியில் இருக்கக் கூடாது. வார்டனிடம் பூட்டில் இருக்க வேண்டும், கொடுத்த நேரத்தை நோட்டில் எழுத வேண்டும்.

மாற்று மருந்து அடோமாக்ஸிடின். இதற்கு அந்தக் கெடுபிடி இல்லை. ஒரு கிலோவுக்கு 0.5 மி.கி. என்று தொடங்கி 1.2 மி.கி. வரை போவார்கள், 25 கிலோ பிள்ளைக்கு இலக்கு 30 மி.கி. அளவில் வரும். பலன் முழுதாகத் தெரிய 4 முதல் 6 வாரம், சிலருக்கு இன்னும் கூடுதல். பத்தாவது நாளில் ‘ஒண்ணும் கேக்கலை’ என்று நிறுத்துவதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு. வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும். கேப்ஸ்யூலைப் பிரித்துக் கலக்கக் கூடாது, தூள் கண்ணில் பட்டால் எரியும். பிள்ளை திடீரென்று ஒதுங்கினாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மாத்திரை தொடங்கியபின் இந்த மையத்தின் பின்தொடர்தல் அருமை. எடையையும் உயரத்தையும் ஒவ்வொரு முறையும் குறிக்கிறார்கள், ஆசிரியரிடம் மறுபடி ஃபார்ம் வாங்குகிறார்கள். பணம் கட்டத் தகுந்தது இதற்குத்தான்.

பெற்றோர் பயிற்சி சுமார் ரகம். ஸ்டார் சார்ட் ஒன்றை அச்சடித்துத் தருகிறார்கள். அதில் பத்து வரிகள், ஒரு வரி 'நல்ல பிள்ளையாக இருத்தல்'. கண்ணால் பார்த்து ஆம் இல்லை சொல்ல முடியாத எதற்கும் ஸ்டார் ஒட்ட முடியாது. மூன்று வரி போதும்: ஸ்கூல் விட்டு வந்ததும் டிபன் பாக்ஸைத் தொட்டியில் போடுவது, ஏழு மணிக்கு நோட்டை எடுத்து உட்காருவது, ஷூவை ஸ்டாண்டில் வைப்பது. ஸ்டாரும் பரிசும் அன்றன்றைக்கே. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க இந்தப் பிள்ளைகளால் முடியாது. ஒட்டிய ஸ்டாரைக் கோபத்தில் கிழிக்கவே கூடாது. தாத்தா பாட்டியையும் பயிற்சிக்கு அழைத்துப் போங்கள், இல்லாவிட்டால் அப்பா மறுத்த செல்போன் பாட்டி கையிலிருந்து வந்துவிடும்.

இவ்வளவு செலவு கட்டாது என்பவர்கள் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காலை ஓ.பி.யில் காட்டலாம். கூட்டம் இருக்கும், முதல் நாளே ஒரு மணி நேரம் கிடைக்காது. டீச்சர் ஃபார்ம், மதிப்பெண் அட்டை, பழைய நோட்டு இரண்டு என்று எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோனால் கிடைக்கும் நேரத்திலேயே வேலை நடக்கும். எங்கே தொடங்குவது என்றே குழப்பமாக இருந்தால் 14416 இலவச மனநல எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

மையத்தின் அறிக்கை எட்டுப் பக்கம், ஸ்பைரல் பைண்டிங். எந்த ஃபார்ம், யார் நிரப்பியது, என்ன மதிப்பெண், எந்தத் தேதி என்பது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நிரப்பிய மூலத் தாள்களின் ஜெராக்ஸையும் கேட்டு வாங்குங்கள். வேறு டாக்டரிடம் போனால் அவர் கேட்பது அதைத்தான்.

எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுச் சலுகைக்கு இந்த அறிக்கை உதவாது. ஏ.டி.எச்.டி. மட்டும் இருந்தால் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் அது வராது. கற்றல் குறைபாடு வரும். இரண்டும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகள் நிறைய. வாசிப்பிலோ எழுத்திலோ சந்தேகம் இருந்தால் அதற்கான டெஸ்டைத் தனியாகக் கேளுங்கள், பேக்கேஜில் அது கிடையாது. சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு எல்லாம் அரசு மருத்துவச் சான்றோடு தலைமை ஆசிரியர் வழியாகத்தான் போக வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே அவரிடம் பேசி வையுங்கள்.