ஜப்பானியக் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவையா, கிமோனோவா?

ஜப்பானில் கொஞ்ச காலம் வேலை பார்த்தால், கூட வேலை செய்கிறவர் கல்யாணத்துக்கு ஒரு நாள் அழைப்பு வந்துவிடும். பத்திரிகையோடு பதில் அட்டையும் இருக்கும். "குடும்பத்தோட வந்துடுங்க" என்பதெல்லாம் இல்லை. யாருக்கு அழைப்போ அவருக்கு மட்டும் பெயர் எழுதிய ஓர் இருக்கை. அப்புறம் நமக்கு வரும் முதல் கவலை, என்ன உடுத்துவது என்பதுதான். நான் ஒரு கல்யாணத்துக்குக் கிமோனோவில் போனேன், இன்னொன்றுக்குக் காஞ்சிபுரம் பட்டில்.

கிமோனோ வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் அதில் யாருக்கு எது என்று முறை இருக்கிறது. கை நீளமாகத் தொங்கும் ஃபுரிசோடே கல்யாணமாகாத பெண்களுக்கு. கீழ்ப்பகுதியில் மட்டும் சித்திரம் போட்ட கறுப்பு டொமேசோடே, மணமக்களின் அம்மாக்களுக்கும் நெருங்கிய சொந்தத்துக்கும். நம் வீட்டுக் கல்யாணத்தில் கறுப்பைக் கண்டாலே பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அங்கே பெற்ற தாய் உடுத்துவதே அதைத்தான். என்னைப் போன்ற கல்யாணமான விருந்தாளிக்கு ஹோமோங்கி என்ற வகைக் கிமோனோ. எனக்கு அதைக் கட்டிவிட்ட பெண்மணி வலப்பக்கத்தை முதலில் உடம்போடு ஒட்டிவைத்து, இடப்பக்கத்தை அதன்மேல் கொண்டுவந்தார். மாற்றிப் போட்டால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறையாம். நாமாகக் கட்டிக்கொள்ளலாம் என்று துணியாதீர்கள். இடுப்பில் ஒபி என்ற அகலப் பட்டியை இறுக்கிய பிறகு நிமிர்ந்துதான் உட்கார முடியும், மூச்சும் மேலாகத்தான் வரும். ஆனாலும் மணப்பெண்ணின் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாரே, அதை மறக்க மாட்டேன்.

புடவையில் இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. பத்து நிமிடத்தில் நானே கட்டிவிடுவேன், குளிருக்கு உள்ளே கம்பளி உள்ளாடை. பிறநாட்டவர் தங்கள் மரபு உடையில் வருவதை அங்கே மரியாதையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். மணமகனின் பாட்டி முந்தானை ஜரிகையை விரலால் தடவி, நெய்ததா, பின்னால் தைத்ததா என்று கேட்டார். தறியிலேயே நெய்வது என்றதும் புரட்டி மறுபக்கமும் பார்த்தார். பட்டின் அருமை தெரிந்தவர்கள்.

கவனிக்க வேண்டியது இரண்டு. வெள்ளை மணப்பெண்ணுக்கு உரியது, ஜப்பானின் பழைய மதமான ஷின்டோ முறையில் அவள் உடுத்தும் ஷிரோமுகு என்ற கிமோனோ முழு வெள்ளை. அதனால் சந்தன நிறம், கேரளக் கசவு எல்லாம் பெட்டியிலேயே இருக்கட்டும். அடுத்தது கொலுசு. கோயில் சடங்கு பெரும்பாலும் குடும்பத்துக்கு மட்டும்தான். நம்மையும் கூப்பிட்டால் கழற்றிவிடுங்கள். மணமக்கள் மூன்று கிண்ணத்தில் மும்மூன்று மடக்காகச் சாக்கே என்ற அரிசி மது குடிக்கும் அந்த நேரத்தில் அவ்வளவு அமைதியாக இருக்கும்.

ஆண்களுக்குக் கறுப்பு சூட், வெள்ளை டை போதும். கறுப்பு டை சாவு வீட்டுக்கு. பட்டு வேட்டியும் நன்றாகவே இருக்கும்.

நண்பராகவோ அலுவலகத்தோழியாகவோ போகிறவருக்கு நான் சொல்வது புடவைதான். அந்த வீட்டாரே ஆசைப்பட்டுக் கிமோனோ உடுத்தச் சொன்னால் மட்டும் மறுக்காதீர்கள்.

மொய் விஷயத்தில் என் பேச்சு வேறு. அங்கே அவர்கள் வழிதான் சரி, பரிசுப் பொருளோடு போய் நிற்க வேண்டாம். நண்பர், சக ஊழியர் என்றால் வழக்கம் 30,000 யென், மூன்று புதுத் தாளாக. இரட்டைப்படை என்றால் இரண்டாகப் பிரியும் என்பதால் ஒற்றைப்படை. 500 ரூபாயோடு ஒரு ரூபாய் சேர்த்து 501 வைக்கும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம். உறையை மட்டும் பார்த்து வாங்குங்கள். உறைமேல் கட்டிய கயிற்றைப் பூப்போல முடிந்திருந்தால் இழுத்ததும் அவிழும். அது குழந்தை பிறப்பு மாதிரி திரும்பத் திரும்ப வரவேண்டிய நல்லதுக்கு. கல்யாணத்துக்கு அவிழாத முடிச்சு. புதுத் தாளுக்காக வெள்ளிக்கிழமைக்குள்ளேயே வங்கிக்குப் போய்விடுங்கள், பெரும்பாலான கல்யாணம் வங்கி மூடியிருக்கும் சனி, ஞாயிறில்தான்.