தொழிற்பயிற்சியா, பொதுப் பட்டமா: வேலைக்கு எது கைகொடுக்கும்?

முதல் வேலை சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்றால், நிறுவனத்தோடு இணைந்த தொழிற்பயிற்சிக்கே என் ஓட்டு. ஜெர்மனியின் இரட்டைக் கல்வி முறையில் மாணவர் வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளிக்குப் போகிறார். மீதி நாட்கள் நிறுவனத்தில். பெரும்பாலும் 2 முதல் 3½ ஆண்டு. மாதாமாதம் பயிற்சி ஊதியமும் உண்டு. லேத்தில் இரும்பைக் கடைந்து, வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து, பிசகினால் மறுபடி கடைகிற பிள்ளையை மேற்பார்வையாளர் தினமும் பார்க்கிறார். அப்புறம் தனியாக நேர்காணல் எதற்கு?

பொதுப் பட்டம் வாங்கியவருக்கு அந்த வசதி இல்லை. "அனுபவம் இருக்கா?" என்ற கேள்வியிலேயே பலர் தடுக்கி நிற்கிறார்கள். (அனுபவம் தர ஆளில்லாமல் அனுபவம் எங்கிருந்து வரும் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.)

வயது ஏற ஏறக் கணக்கு மாறுகிறது. எரிக் ஹனுஷெக்கும் சக பொருளியலாளர்களும் பல நாடுகளை ஒப்பிட்டு 2017-ல் வெளியிட்ட ஆய்வில், தொழிற்கல்வி பெற்றவர்களுக்கு இளமையில் இருந்த வேலைவாய்ப்பு அனுகூலம் பிற்காலத்தில் கரைந்து, பொதுக் கல்வி பெற்றவர்கள் முந்துவது தெரிந்தது. டென்மார்க், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போன்ற, நிறுவனத்திலேயே வேலை பழகும் பணிப்பழகுநர் முறை வேரூன்றிய நாடுகளில் இது இன்னும் அழுத்தமாக இருந்தது. ஒரே இயந்திரத்தோடு கட்டிய திறமை, அந்த இயந்திரம் போனால் தடுமாறும். பொதுக் கல்வி புதிதாகக் கற்கும் பழக்கத்தைக் கொடுத்திருக்கும்.

அதனால் தொழிற்பயிற்சியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பாடத்திட்டத்தில் கணிதமும் மொழியும் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். பட்டப்படிப்புக்குப் போகிறவர்கள் கடைசி ஆண்டு வரை காத்திருக்காமல் இன்டர்ன்ஷிப் தேடுங்கள்.