கரீபியன் கப்பலில் கிழக்கா, மேற்கா: எங்கள் ஜோடியும் மச்சினன் ஜோடியும்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுகிற வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். என் மனைவி ஆறாவது வளைவில் ஜன்னலைத் திறப்பாள், பத்தாவதில் எலுமிச்சம்பழத்தை மோந்து பார்ப்பாள், அதற்கு மேல் வண்டியை ஓரம் கட்டியாக வேண்டும். இப்படிப்பட்டவளை ஏழு ராத்திரி கடலில் வைத்திருக்க முடியுமா என்பதுதான் எங்கள் முதல் கப்பல் பயணத்தின் முதல் கேள்வி. எந்தத் தீவு, என்ன விலை என்பதெல்லாம் அப்புறம் வந்தது.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பதால் எங்களுக்கும் மச்சினன் வீட்டுக்கும் ஒரே குளிர்காலத்தில், சில வாரங்கள் முன்னே பின்னே, இந்த யோகம் அடித்தது. இரண்டு கப்பலும் மயாமியில் கிளம்பி ஏழு ராத்திரி கழித்து மயாமிக்கே திரும்புபவை. நாங்கள் மேற்கே போனோம்: மெக்சிகோவின் கோசுமெல், ஹோண்டுராஸின் ரோவாட்டன், அப்புறம் கேமன் தீவுகளில் பெரியதான கிராண்ட் கேமன். அவர்கள் கிழக்கே: போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான், அப்புறம் செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின் என்ற தீவுகள். எங்களுடையது நடுத்தரக் கப்பல், ஜன்னல் இல்லாத அறை. அவர்களுடையது ஒரு சின்ன ஊரே மிதக்கிற மாதிரியான கப்பல், பால்கனி அறை. ஊருக்கு வந்த பிறகு எந்த விசேஷ வீட்டில் சந்தித்தாலும் எது உசத்தி என்ற வழக்குதான். மேற்கே போய்வந்த நானே சொல்கிறேன், ஜோடியாக முதல் தடவை என்றால் கிழக்கு.

முதலில் கப்பல் ஆடுகிற ஆட்டம். கரீபியனில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசுகிறது, அதனால் கிழக்கே போகிற கப்பல் காற்றையும் அலையையும் எதிர்த்துப் போகிறது. மேற்கே போகிற கப்பலுக்கு க்யூபா என்ற நீளமான தீவு கொஞ்ச தூரத்துக்கு மதில் மாதிரி நிற்கிறது. இதைப் படித்துவிட்டுத்தான் நான் மேற்கைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் போய்ப் பார்த்ததில் திசையைவிட அறை இருக்கும் இடம்தான் பெரிது என்று தெரிந்தது. பஸ்ஸில் கடைசி சீட்டுக்கும் நடு சீட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். எங்கள் அறை கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில். இவள் ஒரு தடவைகூட வாந்தி எடுக்கவில்லை. மச்சினனுக்கு மேல்தளத்தில், முன்பக்கமாக அறை. அவ்வளவு பெரிய கப்பலிலும் முதல் இரண்டு ராத்திரி அலமாரிக்குள் ஹேங்கர்கள் டக் டக்கென்று ஒன்றையொன்று தட்டிக்கொண்டே இருந்ததாம், எழுந்து எல்லாவற்றையும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்ட பிறகுதான் தூங்கினார்களாம்.

இவளைக் கவிழ்த்தது பெரிய கப்பல் இல்லை, குட்டிப் படகு. கோசுமெல் ஒரு தீவு. நான் ஆசைப்பட்ட துலூம், அதாவது கடலைப் பார்த்த பாறை மேல் மாயர்கள் என்ற அந்தப் பக்கத்துப் பழங்குடிகள் அந்தக் காலத்தில் கட்டிய கோட்டை ஊர், எதிர்க்கரையில் மெக்சிகோ நிலத்தில் இருக்கிறது. முக்கால் மணி நேரம் ஃபெர்ரி, இறங்கியதும் ஒரு மணி நேரம் பஸ், திரும்ப அதே பஸ், அதே ஃபெர்ரி. போகும்போது ஃபெர்ரியில் ஏற்காட்டின் 20 வளைவும் ஒரே சமயத்தில் வந்துவிட்டது. துலூமில் அந்த நீலக் கடலுக்கு மேலே கல் கோயிலைப் பார்த்து நான் வாயைப் பிளந்து நின்றபோது, இவள் ஒரு நிழலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். கோசுமெல் தீவுக்குள்ளேயே சான் ஹெர்வாசியோ என்று மாயர் இடிபாடு உண்டு, இஷ்செல் என்ற பெண் தெய்வத்தைக் கும்பிடப் பெண்கள் யாத்திரை வந்த இடம். ஜோடியாகப் போகிறவர்கள் அங்கே போங்கள். துலூமுக்கு இன்னொரு நாள் விமானத்தில் போய்க்கொள்ளலாம்.

கிழக்கு உசத்தி என்று நான் சொல்வதற்கு முக்கியமான காரணமே இதுதான். மேற்கில் பார்க்கத் தகுந்தது பெரும்பாலும் துறைமுகத்திலிருந்து தள்ளி இருக்கிறது. பஸ், படகு, வழிகாட்டி, எல்லாவற்றுக்கும் தனிக் காசு. கிழக்கில் சான் ஹுவானில் பழைய ஊர்ப் பக்கத்துத் துறையில் இறங்கினால், நீலம் பூத்த கல் பாவிய தெருக்கள் வழியாக நடந்தே எல் மோரோ கோட்டைக்குப் போய்விடலாம், 1539-ல் ஸ்பானியர்கள் கட்ட ஆரம்பித்தது. செயின்ட் மார்ட்டினில் பாதித் தீவு டச்சு, பாதி பிரெஞ்சு. கப்பல் நிற்கிற பிலிப்ஸ்பர்க்கில் கடைத்தெருவும் கடற்கரையும் ஒட்டியே இருக்கின்றன. மாஹோ கடற்கரையில் தலையைத் தொடுகிற மாதிரி விமானம் இறங்குவதைப் பார்க்க மட்டும் வண்டி பிடிக்க வேண்டும். செயின்ட் தாமஸ் அமெரிக்கா 1917-ல் டென்மார்க்கிடம் விலைக்கு வாங்கிய தீவு, ஆனாலும் வண்டிகள் நம்மூர் மாதிரி இடது பக்கம்தான் போகின்றன, ஸ்டியரிங்கும் இடது பக்கமே இருப்பதைப் பார்த்து மச்சினன் ஓட்டும் ஆசையை விட்டுவிட்டான். அங்கே வரியில்லாக் கடைகளில் வெள்ளி வளையலைப் பார்த்துவிட்டு அவன் மனைவி, "இதுக்கு நம்ம செவ்வாய்ப்பேட்டையில கொலுசே ரெண்டு ஜோடி வாங்கலாம்" என்று வெளியே வந்துவிட்டாளாம்.

மேற்கின் பக்கம் ஒரே ஒரு வலுவான வாதம் உண்டு, கிராண்ட் கேமன். பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்கிற மேடை அங்கே இல்லை. கடலில் நங்கூரம் போட்டு, சின்னப் படகில் கரைக்குக் கொண்டுபோவார்கள், கடல் கொந்தளித்தால் அந்த ஊரையே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், கேட்க முடியாது. அதிர்ஷ்டம், எங்களுக்குக் கடல் தாம்பாளம் மாதிரி கிடந்தது. நடுக்கடலில் ஒரு மணல் திட்டு, இடுப்பளவு தண்ணீர், அதில் திருக்கை மீன்கள் நம் காலை உரசிக்கொண்டு போகும். வழிகாட்டி ஒன்றைத் தண்ணீருக்குள்ளேயே ஏந்திப் பிடிக்க, இவள் பயந்து பயந்து அதன் அடிவயிற்றைத் தொட்டுவிட்டு, "என்னங்க, ஊறவச்ச ஜவ்வரிசியில கைய விட்ட மாதிரி இருக்குதுங்க" என்றாள். சேலத்துக்காரிக்கு வேறு எந்த உவமை வரும்.

நேரக் கணக்கைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கப்பல் கடைசி வரை மயாமி நேரத்தையே வைத்திருந்தது. குளிர்காலத்தில் ரோவாட்டன் அதைவிட ஒரு மணி நேரம் பின்னால். ஃபோன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிட்டது எனக்குத் தெரியாது. கப்பல் நேரப்படி நான்கரைக்குள் ஏற வேண்டும். ஃபோனில் இரண்டு ஐம்பது, நான் மரத்தடியில் கால் நீட்டிப் படுத்திருக்கிறேன். இவள் கையில் கல்யாணத்துக்கு வாங்கிய எச்.எம்.டி. வாட்ச், சாவி கொடுப்பது, அதில் மூன்று ஐம்பது. டாக்சியில் பறந்து கப்பலடிக்கு வந்து சேர்ந்தபோது நாலேகால் தாண்டிவிட்டது. கப்பல்காரர்களின் சுற்றுலாவில் போனால் தாமதமானாலும் காத்திருப்பார்கள், சொந்தமாகப் போனால் நிற்காது. கிழக்குத் தீவுகளில் குளிர்காலத்தில் இது தலைகீழ், உள்ளூர் நேரம் ஒரு மணி முன்னால்; அங்கே ஃபோன் உங்களை வீணாகப் பயமுறுத்தும், ரோவாட்டனில் ஃபோன் உங்களை ஏமாற்றும்.

அறை விஷயத்தில் மச்சினனுக்குத்தான் என் ஓட்டு. ஜன்னல் இல்லாத அறை மலிவு, சரி, ஆனால் விடிந்ததா இல்லையா என்றே தெரியாது. கப்பல் முகப்புக் கேமராவை டிவியில் போட்டுப் பார்த்துத்தான் எழுந்தோம். அவர்கள் பால்கனியில் காபியோடு உட்கார்ந்து கடலைப் பார்த்ததை அவன் மனைவி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பால்கனி வாங்குங்கள், ஆனால் கீழே, நடுவில். அந்தக் காசைக் குடி பேக்கேஜில், அதாவது மொத்தமாகப் பணம் கட்டிக் குடிக்கிற திட்டத்தில், மிச்சம் பிடிக்கலாம்: ஒரே அறையில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் வாங்க வேண்டும் என்பது பல கப்பல்களின் விதி, குடிக்காத மனைவிக்கும் சேர்த்து எதற்கு அழ வேண்டும். டிக்கெட் விலைக்கு மேலே டிப்ஸ் என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை பிடிப்பார்கள் என்பதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

சாப்பாட்டில் இரண்டும் ஒன்றுதான். முதல் ராத்திரியே சர்வரிடம் சைவம் என்று சொல்லிவிட்டால் தினமும் ஒரு பருப்போ கூட்டோ வந்துவிடும். ஆனால் கெட்டிலை எடுத்துப்போகாதீர்கள். எங்களுடையதை ஏறும் இடத்திலேயே பிடுங்கி வைத்து, கடைசி நாள் இஸ்திரிப் பெட்டிகளோடு வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்தார்கள்.

விசா: மயாமிக்குத் திரும்புவது அமெரிக்காவுக்குள் மறுபடி நுழைவதுதான், அதனால் பலமுறை நுழையும் விசா இல்லாமல் எந்தத் திசையும் ஆகாது. சான் ஹுவானும் செயின்ட் தாமஸும் அமெரிக்க மண் என்பதால் அந்த இரண்டு ஊருக்கும் வேறு நாட்டு விசா என்ற தலைவலி இல்லை. எங்கே போனாலும் ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம்.

இப்போது வீட்டில் மூன்றாவது கட்சி ஒன்று கிளம்பியிருக்கிறது, தெற்கு. மார்ட்டினிக், குவாதலூப் என்ற பிரெஞ்சுத் தீவுகளுக்கு 1853-லும் 1854-லும் ஒரேலி என்ற கப்பலில் நம் தமிழ்நாட்டுப் பக்கத்து ஆட்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போய் இறங்கினார்கள். குவாதலூப்பில் இன்றைக்கும் மாரியம்மனை 'மாலியேமேன்' என்று கும்பிடுகிறார்கள், மசாலாக் குழம்புக்குப் பெயர் கொலம்போ. இதைக் கேட்டதிலிருந்து இவள் அடுத்தது அங்கேதான் என்கிறாள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரில் இருக்க வேண்டும், அது புயல் மாசமும்கூட, அதனால் தை பிறந்த பிறகு. அந்தத் தீவுகள் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குள் வராதாம், விசா விதி தனி. அதை மச்சினன் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.