சார்ஜிங் செயலியில் முற்பணம் இடாதீர்கள்: எனது 20,000 ரூபாய் போய்விட்டது

மட்டக்களப்புக்கும் பொத்துவிலுக்கும் இடையில் மின்சாரக் காரில் ஓடுபவர்கள் இதைத் தயவுசெய்து முழுமையாக வாசியுங்கள். பிரதான வீதியோரத்தில், ஒரு தங்குமிட வளவுக்குள் இயங்கும் தனியார் சார்ஜிங் நிலையம் ஒன்று, தனது கைப்பேசிச் செயலியில் நான் முற்பணமாக இட்ட 20,000 ரூபாயைத் திருப்பித் தர மறுக்கின்றது.

என்னுடையது 24 கிலோவாட் மணி, அதாவது 24 அலகு மின்சாரம் கொள்ளும் பற்றரி கொண்ட பழைய நிசான் லீஃப். அதற்கு வேகமாக சார்ஜ் ஏற்ற சாடெமோ இணைப்பு வேண்டும். இப்போது இறக்குமதியாகும் பல கார்களுக்கு சிசிஎஸ் இணைப்பே பொருந்துவதால், சாடெமோ வயர் உள்ள இடம் என்றதும் எனக்குப் பெரும் நிம்மதியாக இருந்தது. அங்கு நின்ற தம்பி, தன் சட்டைக் கையாலேயே இணைப்பியைத் துடைத்துப் பொருத்திவிட்டு, "டீச்சர், இருபதாயிரம் போட்டா பத்து வீதம் கழிவு, யோசிக்காம போடுங்க, காசு எங்கயும் போகாது" என்றார். அந்த அக்கறையை நம்பித்தான் பணத்தை இட்டேன்.

சிறிது நேரத்தில், சார்ஜ் ஏறும்போது டாஷ்போர்டின் மேல் எரியும் நீல விளக்குகள் அணைந்துவிட்டன. கார் மின்சாரம் எடுப்பதை நிறுத்திவிட்டது. செயலியிலோ அலகுகள் ஏறிக்கொண்டே இருந்தன. இணைப்பியைக் கழற்ற முயன்றால் அது பூட்டியே கிடந்தது, ஏனெனில் சார்ஜ் நடப்பதாக இயந்திரம் கருதும்வரை சாடெமோ இணைப்பியின் பூட்டுத் திறக்காது. ஒருவழியாக அது விடுபட்டபோது 31 அலகு ஏற்றியதாகவும், இடத்தை மறித்து நின்றதற்குத் தனிக் கட்டணம் என்றும் கணக்குக் காட்டி, மீதியையும் "விசாரணையில் உள்ளது" என்று முடக்கிவிட்டார்கள். 24 அலகு கொள்ளும் பற்றரிக்குள், அதுவும் அரைவாசி சார்ஜுடன் வந்த காருக்குள், 31 அலகு எப்படி ஏறும்?

இதைத்தான் தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்டேன். முதலில் கொழும்பு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள். பிறகு, "உங்கட பற்றரி பழசு மிஸ், பிழை காரிலதான்" என்றார்கள். அதே கார் வேறொரு நிலையத்தில் எந்தத் தடையுமின்றி சார்ஜ் ஏறியதற்கான பற்றுச்சீட்டை அனுப்பிய பின்னர், முற்பணம் மீளளிக்கப்படமாட்டாது என்ற நிபந்தனையை அனுப்பிவிட்டு எனது அழைப்புகளை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அந்தத் தம்பியோ, தான் சம்பளத்துக்கு நிற்பவர் என்கிறார். 20,000 ரூபாய் எனக்குச் சிறிய தொகை அல்ல; பிள்ளையின் வகுப்புக் கட்டணத்துக்கு ஒதுக்கி வைத்த பணம் அது.

ஆகவே, கழிவு எவ்வளவு தருவதாகச் சொன்னாலும் அன்றைய தேவைக்கு மேல் ஒரு சதமும் இடாதீர்கள். செயலியை நம்பாமல் காரின் நீல விளக்கைப் பாருங்கள். தொடங்கும்போதும் முடியும்போதும் காரின் சார்ஜ் வீதத்தையும் இயந்திரத்தின் திரையையும் படமெடுத்து வையுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு நான் முறையிடுகின்றேன். இதே நிலையத்தில் பணம் இழந்தவர்கள் இருந்தால் நீங்களும் முறையிடுங்கள். அந்தச் செயலியில் இன்னும் மீதி வைத்திருப்பவர்கள் அதை இப்போதே பயன்படுத்தி முடித்துவிடுங்கள்.