பழைய ஜிப்ஸியின் லிஃப்ட் உயரம்: டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் உண்மையைச் சொல்லுமா?

கைமாறிக் கைமாறி வந்த மாருதி ஜிப்ஸியை விற்பவரிடம் லிஃப்ட் (கம்பெனி உயரத்துக்கு மேல் வண்டியை ஏற்றிய அளவு) எவ்வளவு என்று கேட்டால், "மூணு இன்ச்" என்று பதில் வரும். பெரும்பாலும் அது அவருக்கு முன்னால் வைத்திருந்தவர் சொன்ன கணக்கு. உண்மையான உயரம் தெரியாமல் ஷாக் அப்சார்பரோ பிரேக் ஹோஸோ வாங்கினால் அளவு பொருந்தாது. அந்த உயரத்தைக் கண்டுபிடிக்க, அடியில் காந்தம் பதித்த, உள்ளங்கையில் அடங்கும் டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் எவ்வளவு உதவும் என்பதற்கான மதிப்பீடு இது. ஆன்லைனில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய் அளவில் கிடைக்கும் சாதாரண ரகமே போதும்.

டேப் மட்டும் போதாதா? தரையிலிருந்து அளந்தால் டயரே ஏமாற்றிவிடும். 205/70 R15 டயரின் விட்டம் 668 மி.மீ.; 235/75 R15 போட்டால் 733 மி.மீ. வித்தியாசத்தில் பாதி, அதாவது சுமார் 33 மி.மீ., சஸ்பென்ஷனைத் தொடாமலே ஏறிவிடும். ஹப் மையத்திலிருந்து வீல் ஆர்ச் வரை அளந்தால் டயர் கணக்கிலிருந்து விலகிவிடும். ஆனால் பாடிக்கும் சேஸுக்கும் நடுவே துண்டு வைத்து ஏற்றிய பாடி லிஃப்ட் அந்த அளவில் கலந்தே நிற்கும்.

இங்கேதான் கேஜ் தன் விலைக்கு வேலை செய்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி) சேஸில் தொங்குகிறது, கிரவுன் ஹவுசிங் (பின் அச்சின் கூடு) பட்டையோடு (லீஃப் ஸ்பிரிங்) இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் பின் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் சாய்வை டயரும் மாற்றாது, பாடி லிஃப்டும் மாற்றாது.

வண்டி சமதளத்தில், நாலு சக்கரமும் தரையில், காற்று சரியான அளவில், சாமான் எதுவும் இல்லாமல் நிற்கட்டும். ஜாக்கி வைக்கவே கூடாது. ஹவுசிங் தொங்கிவிட்டால் எல்லா அளவும் பொய். பட்டைகளுக்குள் உராய்வு அதிகம் என்பதால் வண்டியை நாலைந்து முறை அமுக்கிவிட்டு, கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி நிறுத்திய பிறகே அளக்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் அடியில் போகக் கூடாது.

கேஜை சேஸின் நேரான நடுப்பகுதியில் ஒட்டி ஜீரோ அழுத்துங்கள். தரையை வைத்து ஜீரோ செய்தால், பின்பக்கம் மட்டும் ஏற்றிய வண்டியில் சேஸின் சாய்வும் கணக்கில் சேர்ந்துவிடும். பிறகு ஷாஃப்டில் வைத்துக் கோணத்தைப் பாருங்கள். ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள கிராஸ்களுக்கு (யுனிவர்சல் ஜாயின்ட்) இடையே மையம் முதல் மையம் வரை நீளத்தை டேப்பால் எடுத்து, கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் இறக்கம் கிடைக்கும். கை வைக்காத அதே மாடல் வண்டி ஒன்றிலும் இதே அளவை எடுத்துக் கழித்தால் வருவதுதான் லிஃப்ட். உதாரணமாக 700 மி.மீ. ஷாஃப்டில் கோணம் 6 டிகிரியிலிருந்து 11 ஆகியிருந்தால் சுமார் 60 மி.மீ. கேஜில் 0.2 டிகிரி பிழை இருந்தாலும் ஒவ்வொரு அளவும் இரண்டரை மி.மீ.க்கு மேல் தவறாது. விலை கூடிய கேஜ் தேவையில்லை என்பதற்கு இதுவே காரணம்.

இந்தக் கணக்கு தவறும் இடங்களும் உண்டு. பின்னால் நீள ஷேக்கிள் (பட்டையின் முனையைச் சேஸோடு இணைக்கும் ஆடும் இணைப்பு) போட்டிருந்தால் பட்டையின் பின்முனை இறங்கி, ஹவுசிங் சுழன்று, பினியன் மூக்கு (ஷாஃப்ட் மாட்டும் ஹவுசிங்கின் முன்பகுதி) மேலே ஏறும். ஹவுசிங் மையத்திலிருந்து பினியன் ஃபிளேஞ்ச் 250 மி.மீ. தள்ளி இருந்து 3 டிகிரி சுழன்றிருந்தால், லிஃப்ட் 13 மி.மீ. குறைவாகக் காட்டும். எனவே ஃபிளேஞ்சின் கோணத்தையும் எடுத்துத் திருத்தியாக வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் மவுன்டில் துண்டு வைத்துக் கீழே இறக்கியிருந்தாலும் அளவு குறையும். மவுன்ட் போல்ட்களைப் பார்க்காமல் கோணத்தை நம்பக் கூடாது.

லிஃப்ட் எப்படி வந்தது என்பதைக் கேஜ் சொல்லாது, கண்தான் சொல்ல வேண்டும். கம்பெனியிலிருந்து வந்த ஜிப்ஸியில் பட்டை ஹவுசிங்குக்குக் கீழே இருக்கும். மேலே இருந்தால் யாரோ மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். அதிலேயே சுமார் 5 இன்ச் ஏறிவிடும். அப்படிப்பட்ட வண்டியில் டிராக் லிங்க் (ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் தண்டு) அதிகமாகச் சாய்ந்திருந்தால் ஒவ்வொரு குழியிலும் ஸ்டீயரிங் தானாக இழுக்கும். ஷேக்கிள் என்றால் ஓட்டை மையம் முதல் ஓட்டை மையம் வரை அளந்து பாருங்கள். 50 மி.மீ. கூடியிருந்தால் லிஃப்ட் 25 மி.மீ. மட்டுமே.

முன்பக்க ஷேக்கிளில்தான் இந்தக் கேஜ் இன்னொரு முறை கைகொடுக்கிறது. ஜிப்ஸியில் முன் ஷேக்கிள் பட்டையின் முன்முனையில் இருப்பதால், அதை நீட்டினால் கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் பின்சாய்வு) குறையும். ஒரு மீட்டர் பட்டையில் 50 மி.மீ. இறங்கினால் கிட்டத்தட்ட 3 டிகிரி போய்விடும். வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. கிங்பின் மூடியின் மேல் வைத்து முன்பின் சாய்வைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கருவியின் குறைகள்: உருண்டையான ஷாஃப்டில் சற்றுத் திரும்பி ஒட்டினாலும் அளவு மாறும், அதனால் அடியில் வி வடிவப் பள்ளம் உள்ள ரகத்தையே வாங்குங்கள். சேறும் கிரீஸும் துடைக்காமல் வைத்தால் ஒரு டிகிரி கூடப் போகும். கீழே விழுந்தால் ஜீரோ நகரும். மேசையில் வைத்து ஒருமுறை, 180 டிகிரி திருப்பி ஒருமுறை பாருங்கள், இரண்டும் பொருந்த வேண்டும்.

ஐந்துக்கு நாலு தரலாம். குறைத்த ஒன்று, ஒப்பிட அசல் வண்டியின் அளவு இல்லாவிட்டால் இது தனியாக எதையும் சொல்லாது என்பதற்காக. வந்த அளவை ஆர்.சி.யோடு சேர்த்து வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், அதைப் பற்றிய 2019 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் தயாரிப்பாளரின் அசல் அளவை மாற்றுவதைத் தடுக்கின்றன. லிஃப்டைக் கழற்றிப் பழையபடி ஆக்கும் செலவையும் விலையில் கழித்துக் கேட்கலாம்.