ஸ்ட்ரோமடோலைட்டா, த்ராம்போலைட்டா?

இரண்டையும் கட்டியவை நுண்ணுயிர்கள்தான். வெளியே பார்த்தால் இரண்டும் பாறைத் திட்டுகள். குறுக்கே வெட்டினால்தான் வேறுபாடு தெரியும்.

ஸ்ட்ரோமடோலைட்டில் மெல்லிய வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அலையலையாகப் படிந்திருக்கும். ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்களான சயனோபாக்டீரியாக்களின் பிசுபிசுப்பான படலத்தில் மணல் துகள்கள் ஒட்டும், சுண்ணாம்பும் படியும். படிந்தவை வெளிச்சத்தை மறைத்ததும் பாக்டீரியாக்கள் மேலேறி அடுத்த படலத்தை விரிக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் இன்றும் இது நடக்கிறது; ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது! அந்த விரிகுடாவின் ஹேமலின் பூல் பகுதி நீரில் உப்பு கடலைவிடச் சுமார் இரு மடங்கு. அதனால் படலத்தை மேயும் நத்தைகள் குறைவு.

த்ராம்போலைட்டில் வரிகளே இல்லை. உள்ளே திரிந்த பால்போலக் கட்டி கட்டியாக இருக்கும். அதே மாநிலத்தின் கிளிஃப்டன் ஏரியில் பார்க்கலாம். சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன், கேம்பிரியன் காலத்தில் இவை பெருகியிருந்தன. வரி ஏன் இல்லை? விலங்குகள் துளைத்துக் கலைத்தன என்பார்கள் சிலர். கட்டிய உயிர்க்கூட்டமே வேறு என்பார்கள் சிலர்.

சரி, ஆதி உயிரைத் தேடுபவர் எதைப் பார்ப்பது? ஸ்ட்ரோமடோலைட்டைத்தான் சொல்வேன். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் கிடைத்தவை சுமார் 348 கோடி ஆண்டுகள் பழையவை. ஆனால் வரியை மட்டும் நம்பிவிடக் கூடாது. உயிரே இல்லாமல் வேதிவினையாலும் இப்படி வரிகள் உருவாகும்.