ஜாம்டு டுகெதர், சூப்பர் செஷன்: இரண்டு கூட்டு ஆல்பங்கள்

பெயர் பெற்ற கிட்டார் கலைஞர்களை ஒரே இசைத்தட்டில் சேர்த்துவைக்கும் எண்ணத்தில் 1968, 1969 ஆகிய அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு ஆல்பங்கள் வெளிவந்தன. கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் ‘சூப்பர் செஷன்’ நன்றாக விற்றது. அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்துடனான உறவு முறிந்து, பழைய பதிவுகளின் உரிமையையும் இழந்திருந்த மெம்பிஸின் ஸ்டாக்ஸ் நிறுவனம், 1969இல் ஒரே மூச்சில் இறக்கிய ஆல்பங்களின் நெரிசலில் ‘ஜாம்டு டுகெதர்’ வந்ததால், அதற்குரிய கவனம் அதற்குக் கிடைக்கவில்லை.

தனி வாசிப்பின் வீச்சில் சூப்பர் செஷனின் முதல் பக்கமே மேலானது. அதில் கிட்டார் வாசிக்கும் மைக் ப்ளூம்ஃபீல்டு அவசரப்படாமல், ஒவ்வொரு சுற்றிலும் சூட்டைக் கூட்டிக்கொண்டே போகிறார். ஆனால் ஒலிப்பதிவின் மறுநாள் அவர் இல்லை; ஆல்பத்தை உருவாக்கிய அல் கூப்பர் அவசரமாக இன்னொரு கிட்டார் கலைஞரான ஸ்டீபன் ஸ்டில்ஸை வரவழைத்து இரண்டாம் பக்கத்தை நிரப்பினார். கூட்டணி என்று பெயர் பெற்ற இந்த ஆல்பத்தில் ப்ளூம்ஃபீல்டும் ஸ்டில்ஸும் ஒரு பாடலில்கூடச் சேர்ந்து வாசிக்கவில்லை என்பது வேடிக்கைதான்.

‘ஜாம்டு டுகெதர்’இல் வாசிக்கும் ஆல்பர்ட் கிங், ஸ்டீவ் க்ராப்பர், பாப்ஸ் ஸ்டேபிள்ஸ் ஆகிய மூவரின் பாணிகளோ ஒன்றையொன்று மிதிப்பதில்லை. வலக்கைக்காரருக்கான முறையில் தந்தி பூட்டிய கிட்டாரை இடக்கையால் தலைகீழாகப் பிடிக்கும் கிங், தந்தியைக் கீழ்நோக்கி இழுத்து ஒரே ஸ்வரத்தைக் கதறவிடுவார். க்ராப்பர் தாளத்தின் இடுக்கில் இரண்டு வெட்டு வெட்டிவிட்டு ஒதுங்குவார். காஸ்பல் என்னும் கிறிஸ்தவப் பக்திப்பாடல் மரபில் வந்த பாப்ஸின் கிட்டார், ஒலி ஏறி இறங்கித் துடிக்கும் ட்ரெமலோவில் நடுங்கும். ஜான் லீ ஹூக்கரின் ‘டுபெலோ’வை பாப்ஸ் பாடும்போது, மிசிசிப்பியின் அந்த ஊரை வெள்ளம் சூழ்ந்த செய்தியைக் குரல் உயர்த்தாமல், ஏறக்குறையப் பேச்சாகவே சொல்லிச் செல்கிறார். அந்த அடக்கத்துக்கு நிகரான ஒன்று சூப்பர் செஷனில் இல்லை.

குறையும் உண்டு. வானொலிக்கேற்ற அளவில் பாடல்களை நறுக்கும் ஸ்டாக்ஸின் வழக்கம், கிங் சூடேறும் வேளையில் பாட்டை முடித்துவிடுகிறது. க்ராப்பரும் பாடகர் எடி ஃப்ளாய்டும் எழுதிய ‘நாக் ஆன் வுட்’, இங்கே ஃப்ளாய்டின் குரலின்றி வெறும் வாத்திய இசையாகச் சப்பென்று இருக்கிறது. பதினோரு நிமிடம் நீளும் ‘சீசன் ஆஃப் தி விட்ச்’ போன்ற தாராளம் சூப்பர் செஷனுக்கு வாய்த்தது. அதன் இரண்டாம் பக்கம் அலைபாய்வதற்கும் அந்தத் தாராளமே காரணம்.

மூவரின் உரையாடலைக் கேட்க விரும்புபவர் ‘ஜாம்டு டுகெதர்’ஐ எடுக்கலாம், ஒருவரின் நீண்ட வாசிப்பை விரும்புபவர் ப்ளூம்ஃபீல்டின் பக்கத்தை எடுக்கலாம். கிங்கை மட்டுமே தேடுபவருக்கு இரண்டும் வேண்டாம். க்ராப்பர் உள்ளிட்ட ஸ்டாக்ஸ் குழுவினரே பின்னணி வாசித்த, 1967இல் வெளியான ‘பார்ன் அண்டர் எ பேட் சைன்’ போதும்.